நான்கு நரம்பும் நம் பழம்பாட்டும்

பழம்பாட்டு ஒன்றைப் புதுக்கருவியில் இசைப்பது தகுமா என்னும் வினா தமிழுலகிற்குப் புதியதன்று. வயலின் வந்தபோது எழுந்தது. ஆர்மோனியம் வந்தபோது எழுந்தது. கிளாரினெட்டு வந்தபோதும் எழுந்தது. இன்று அவ்வினா 'உகுலேலே' என்னும் சிறிய நரம்புக் கருவியின் பெயரால் மீண்டும் எழுந்துள்ளது. எண்ணூர், காத்திவாக்கம், திருவொற்றியூர், இராயபுரம் ஆகிய கடலோரப் பகுதிகளின் இளைஞர் சிலர் இக்கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரக் காண்கிறோம். கிதாரைக் காட்டிலும் எடை குறைவு. விலையும் பெரும்பாலும் குறைவு. நெரிசல் மிக்க பேருந்திலும் மடியில் வைத்துக்கொள்ளலாம். அதில் அவர்கள் ஆங்கிலப் பாட்டோடு நிற்பதில்லை. பாட்டனார் காலத்துத் திரைப்பாடலையும், நாகூர் இ. எம். ஹனீபா அவர்களின் குரலால் ஊரறிந்த பாடலையும் மீட்டிப் பார்க்கின்றனர். அதனைக் கேட்கும் பெரியோருள் சிலர் முகம் சுளிக்கின்றனர். "நம் பாட்டுக்கு இந்தப் பொம்மையா?" என்கின்றனர்.

பெரியோரின் இக்கவலையை நாம் எள்ளுவதற்கில்லை. பாட்டின்மீது கொண்ட பற்றே அவ்வாறு பேசுகிறது. ஆயினும் அக்கவலை தவறான இடத்தில் நிற்கிறது என்பது நம் கருத்து. கருவி எந்நாட்டில் பிறந்தது என்று கேட்பதைவிட, பாட்டின் சொல்லும் மெட்டும் பிள்ளைகளிடம் முழுமையாகச் சென்று சேர்ந்தனவா என்று கேட்பதே முறை.

கப்பலில் வந்த கருவி

உகுலேலே அவாய்த் தீவுகளின் கருவியென உலகம் அறியும். அத்தீவுகளுக்கும் அது வந்தேறியதே. போர்ச்சுக்கல் நாட்டிற்குரிய மதீராத் தீவிலிருந்து, கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக நானூற்றுக்கும் மேற்பட்டோர் 'ரேவன்ஸ்கிராக்' என்னும் கப்பலில் 1879ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் ஒனலூலுத் துறையை அடைந்தனர். அவர்களுள் மனுவேல் நூனெஸ், ஜோசே தோ எஸ்பிரிட்டோ சாந்தோ, அகஸ்டோ டயஸ் ஆகிய மூவர் மரவேலை அறிந்தோர். தோட்ட வேலை முடிந்தபின் தம் தீவில் வழங்கிய சிறு கிதாரை ஒட்டிப் புதுக்கருவி செய்தனர். மீட்டுவோரின் விரல்கள் துள்ளும் விரைவு கண்டு, குதிக்கும் தெள்ளுப்பூச்சி எனப் பொருள்படும் பெயரை அவாய் மக்கள் அதற்கு இட்டனர் என்பர். மன்னர் கலாகவுவா அதனைத் தம் அவையில் ஆதரித்தார். 1915இல் சான்பிரான்சிசுகோ நகரில் நடந்த பெருங்கண்காட்சியின் வழியாக அமெரிக்கா முழுவதும் அதன் புகழ் பரவிற்று.

கூலிக்குச் சென்றோர் உடைமையென எடுத்துச் செல்ல முடிந்தவற்றுள் பாட்டும் ஒன்று. இதனை விளக்கிக் கூற வேண்டிய நிலையில் தமிழர் இல்லை. 1860இல் இதே சென்னைக் கரையிலிருந்து 'டுருரோ' கப்பலில் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றவர் நம் மக்கள். ஆதலின் மதீராத் தொழிலாளியின் நான்கு நரம்புக் கருவியை அயலான் பொருள் என்று ஒதுக்குவதற்கு நமக்கு மனம் வரவில்லை.

இன்னும் ஓர் உறவும் உண்டு. அரபு மக்களின் 'ஊது' என்னும் நரம்புக் கருவியின் பெயரிலிருந்தே ஐரோப்பியரின் 'லூட்' என்னும் பெயர் பிறந்தது. பாக்தாதிலிருந்து புறப்பட்ட இசைவாணர் சிர்யாப் 822ஆம் ஆண்டளவில் அந்தலூசிய நாட்டின் குர்துபா நகர் புகுந்து அக்கருவியைச் சிறப்பித்தார். கிதார் எவ்வழி தோன்றியது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருப்பினும், ஐபீரிய மண்ணின் நரம்பிசை அரபு இசையோடு நெடுங்காலம் பழகி வளர்ந்தது என்பதில் ஐயமில்லை.

சீறியாழின் இனம்

தமிழ் பயில்வோர்க்கு இச்சிறு கருவி வேறொரு நினைவையும் தரவேண்டும். பேரியாழ் ஏந்தியவர் பெரும்பாணர். சீறியாழ் ஏந்தியவர் சிறுபாணர். பேரியாழுக்கு 21 நரம்புகள் என்பர். ஊர் ஊராய் நடந்து செல்லும் எளிய பாணனுக்கு ஏற்றது சீறியாழே. ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாட வந்த நல்லூர் நத்தத்தனார், 269 அடிகள் கொண்ட சிறுபாணாற்றுப்படையில், வறுமையுற்ற அச்சிறுபாணனையே விளித்துப் பாடினார். அவன் செல்லும் வழியில் எயிற்பட்டினம் என்னும் நெய்தல் ஊரும் வருகிறது. கருவி சிறிதாயிருப்பது இழிவென்று அக்காலத்துப் புலவர் கருதியிருப்பின், அவன் பெயரால் பத்துப்பாட்டுள் ஒரு பாட்டு எழுந்திராது.

யாழுக்கும் உகுலேலேக்கும் வடிவில் பெரும் வேறுபாடு உண்டு. யாழில் ஒவ்வொரு சுரத்திற்கும் ஒரு நரம்பு. இதில் ஒரே நரம்பைப் பல இடங்களில் அழுத்திப் பல சுரங்களைப் பெறுகிறோம். ஆயின் பயனில் இரண்டும் ஓரினமே. குழல் ஊதுவோன் ஊதும்போதே பாட இயலாது. நரம்பை மீட்டுவோன் வாய்க்கு அத்தடை இல்லை. பாணன் யாழ் மீட்டிப் பாடினான்; கானல்வரியில் கோவலனும் மாதவியும் கடற்கரையில் யாழோடு பாடினர். பாடுவதற்குத் துணையாக நிற்பதே இவ்வகைக் கருவியின் முதற்பணி. இதனை நம் இளைஞர் மறந்துவிடுகின்றனர் என்பதே நாம் கூற விழையும் குறை. அதற்குப் பின்னர் வருவோம்.

மணலி காட்டிய வழி

கருவி அயலது, பாட்டு நமது; இவ்விரண்டும் பொருந்துமா என்னும் வழக்கிற்கு நம் பகுதியிலேயே இருநூறு ஆண்டுகளுக்கு முன் விடை கிடைத்தது. காத்திவாக்கத்திற்கு அண்மையிலுள்ளது மணலி. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இராமசாமி தீட்சிதர் தம் மக்களோடு அங்கு வாழ்ந்தார். புனித ஜார்ஜ் கோட்டையைச் சார்ந்த ஆங்கிலேயரின் வாத்தியக் குழு இசைத்த மெட்டுகள் அக்குடும்பத்தார் செவியில் விழுந்தன. இளைய மகன் பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று, அதில் இந்நாட்டு இராகங்களை வாசித்தார். மூத்தவர் முத்துசாமி தீட்சிதரோ (1775 - 1835) மறுதிசையில் சென்று, அவ்வாங்கில மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் இயற்றினார். 'நொட்டுசுவரம்' எனப்படும் அவை ஏறத்தாழ நாற்பது. அவற்றுள் ஒன்று ஆங்கிலேய அரசரை வாழ்த்தும் நாட்டுப்பண்ணின் மெட்டிலேயே அமைந்தது.

தம்பி அயற்கருவியில் நம் இசையை ஏற்றினார். தமையன் அயல்மெட்டில் இந்நாட்டுச் சொல்லை ஏற்றினார். இருவராலும் நம் இசைக்குக் கேடு விளைந்ததா? இன்று வயலின் இல்லாத கருநாடக இசையரங்கைக் காண்பது அரிது. அதனை அயலது என்று சொல்வாரும் இலர். இவ்விணக்கம் உண்டானதற்குக் காரணம் உண்டு. பாலுசாமி கருவியைத் தொடுமுன்பே பாட்டை அறிந்தவர். தந்தையின் மடியில் இராகம் கேட்டு வளர்ந்தவர் கையில் வயலின் நம் மொழி பேசிற்று.

கருவியின் எல்லைகள்

இதனால் உகுலேலே எல்லாப் பாட்டுக்கும் பொருந்தும் என்று நாம் வாதிடவில்லை. ஆர்மோனியத்தின் வரலாறு ஓர் எச்சரிக்கை. சுரங்களை அசைத்துப் பேசும் கமகத்தை அக்கருவி தராது என்னும் காரணம் முதலியவற்றைக் காட்டி, அகில இந்திய வானொலி 1940இல் அதனை விலக்கிற்று. 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. அக்குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. ஆயினும் அவ்வாண்டுகள் முழுவதும் நாடக மேடையும் பள்ளிக்கூடமும் பாட்டுக் கச்சேரியும் ஆர்மோனியத்தைக் கைவிடவில்லை. எந்தப் பாட்டுக்கு அது பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதை வாசித்தோரும் கேட்டோரும் பழக்கத்தால் தெளிந்தனர்.

உகுலேலேயையும் இவ்வாறே எடை போடவேண்டும். அதன் நான்கு நரம்புகளும் பொதுவாக ஜி, சி, ஈ, ஏ என்னும் நான்கு சுரங்களுக்குக் கூட்டப்படுகின்றன. சி என்பதைச் சட்சமாகக் கொண்டால் அவை முறையே ப, ச, க, த ஆகும். தமிழிசைப் பெயரால் கூறின் இளி, குரல், கைக்கிளை, விளரி. முல்லைப்பண் எனப் போற்றப்படும் மோகனத்தின் ஐந்து சுரங்களுள் நான்கு, விரல் வைக்காமலே வெறும் நரம்பில் ஒலிக்கின்றன. எஞ்சிய துத்தமும், அதாவது ரிசபமும், 'ச' நரம்பின் இரண்டாம் கட்டையில் காத்திருக்கிறது. தமிழ்நாட்டுத் தெருப்பாட்டுக்கும் தாலாட்டுக்கும் இத்தனை எளிதில் கைகொடுக்கும் கருவிகள் சிலவே. சங்கராபரணச் சாயலில் அமைந்த பழைய திரைப்பாடல்களும் இதில் இனிது அமையும்.

குறைகளும் உண்டு. பெரும்பாலான உகுலேலேகளில் 'ச' நரம்பே மிகத் தாழ்ந்த ஒலியுடையது. ஆதலின் சட்சத்திற்குக் கீழே மந்தரத் தாயியில் இறங்கும் பாட்டை அச்சுருதியில் மீட்ட இயலாது. அப்போது 'ஈ' நரம்பின் முதற்கட்டையைச் சட்சமாகக் கொண்டால், கீழ்நரம்பு மந்தரப் பஞ்சமமாகி இடம் தரும். இஃது எளிய உத்தி. ஆயினும் பயிற்றுவோர் சொல்லாவிடில் மாணவர் பாட்டின் இறக்கத்தை வெட்டிவிடுகின்றனர். கட்டை பதித்த குட்டைக் கழுத்தாதலின் கமகத்திற்கும் இடம் குறைவு. தோடி போன்ற இராகத்தின் அசைவை இதில் தேடுவது வீண். அத்தகைய பாட்டைக் குரலுக்கும் வீணைக்கும் விட்டுவிடுவதே அறிவுடைமை.

இவற்றினும் பெரிய இடர் ஒன்றுண்டு. பல சுரங்களை ஒருசேர ஒலிக்கும் கூட்டொலியைக் 'கார்டு' என்பர். உகுலேலேயில் சி என்னும் கார்டுக்கு ஒரே விரல் போதும். மூன்று கார்டுகளைக் கைப்பேசியில் பார்த்து ஒரு மாலையில் கற்றுவிட்டு, எப்பாட்டையும் அம்மூன்றனுள் அடைத்துத் தட்டும் பழக்கம் பரவியுள்ளது. மேலை இசையில் பாட்டின் நடையைத் தாங்குவதற்கென்றே கூட்டொலி பிறந்தது. நம் பாட்டு ஒற்றைச் சுரவரிசையாய் நடப்பது. மெட்டை ஒவ்வொரு சுரமாக மீட்டிப் பழகாமல் தட்டத் தொடங்கினால், தாளம் கேட்கும், பாட்டு கேட்காது. முகம் சுளிக்கும் பெரியோர் செவியில் விழுவது பெரும்பாலும் இதுவே. அவர்கள் குறை கூறுவது கருவியை; குறை இருப்பது பயிற்சியில்.

மறைவது எது?

பரிபாடலின் வரலாறு இங்கு நினைக்கத் தக்கது. எழுபது பாடல்களுள் இன்று முழுமையாய்க் கிடைப்பவை இருபத்திரண்டே. பாடியவர் இவர், இசை வகுத்தவர் இவர், பண் இது என்று பழங்குறிப்புகள் கூறுகின்றன. சொல் நம் கையில் உள்ளது. பண்ணின் பெயரும் உள்ளது. அன்று பாடிய மெட்டு எங்கும் இல்லை. யாழ் என்னும் கருவியே வழக்கொழிந்தபின், விபுலானந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ்நூலில் கணக்கிட்டு அதன் இயல்பை உய்த்துணர வேண்டியதாயிற்று. ஏட்டில் எழுதி வைத்ததால் சொல் தப்பிற்று; வாயில் வழங்காமையால் மெட்டு மறைந்தது.

இந்த இழப்பு இன்று நம் கண்ணெதிரே காத்திவாக்கத்தில் நிகழ்கிறது. துடுப்பு வலிக்கும்போதும் வலை இழுக்கும்போதும் கடலோடிகள் பாடிய அம்பாப் பாடல்கள் உழைப்போடு பிறந்தவை. பலர் கை ஒருங்கே இயங்குவதற்கு அப்பாட்டு வேண்டியிருந்தது. படகில் இயந்திரம் பூட்டியபின் கைக்கு வேலை குறைந்தது. பாட்டுக்கும் வேலை குறைந்தது. 1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையமும், சூழ எழுந்த தொழிற்சாலைகளும் பல குடும்பங்களின் தொழிலை மாற்றின. கழிமுகத்தின் மீன்வளமும் குன்றிற்று. பேரூர் நகராட்சியாகி, 2011இல் சென்னை மாநகராட்சியோடும் இணைந்துவிட்டது. இம்மாற்றங்களுள் சில வேண்டியவை, சில வேண்டாதவை. எவ்வாறாயினும், வலை இழுத்த பாட்டன் மறையும்போது அவன் மெட்டும் உடன் மறைகிறது. அதனை எழுதி வைத்தாரும் இலர்.

இராயபுரத்தில் வாழ்ந்து 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் கண்ணிகளுக்கும் இந்நிலை அணுகி வருகிறது. அவரைப் போற்றித் திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் நான்மணிமாலை பாடினார். சமயம் கடந்து தமிழுலகம் கொண்டாடிய பாடல்கள் அவருடையவை. அவற்றைத் தேர்வுக்காகப் படிக்கும் மாணவர் உளர். வாய்விட்டுப் பாடத் தெரிந்த மாணவர் எத்தனை பேர்? அவர் அடக்கமான இடத்திற்குச் சில கல் தொலைவிலேயே வாழும் நம் பிள்ளைகளுக்கு அம்மெட்டைச் சொல்லித்தர எத்தனை இல்லங்களில் முதியோர் எஞ்சியுள்ளனர்? நாகூர் ஹனீபா அவர்கள் 2015இல் மறைந்தார்கள். அவர் குரல் ஒலிப்பதிவில் உள்ளது என்னும் ஆறுதலில் நாம் இருக்கிறோம். பதிவைக் கேட்பது வேறு. தானே பாடுவது வேறு. கேட்பவனோடு பாட்டு நின்றுவிடும்; பாடுபவன் அதனை அடுத்தவனுக்குத் தருகிறான்.

அவாய்த் தீவினரே இதற்குச் சான்று தருகின்றனர். 1939இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படம் ஒன்றில் வானவில்லைப் பற்றிய பாட்டு ஒன்று பெரிய வாத்தியக் குழுவோடு பாடப்பட்டது. அதனை அவாய்ப் பாடகர் இசுரயேல் காமகவிவோஓலே, 1967இல் வந்த மற்றொரு புகழ்பெற்ற பாட்டோடு சேர்த்து, தம் குரலும் ஓர் உகுலேலேயும் மட்டும் கொண்டு பாடினார். 1988இல் பதிவான அது 1993இல் தொகுப்பாக வெளிவந்து உலகெங்கும் பரவிற்று. மூலத்தினின்று சில இடங்களில் அவர் விலகியும் பாடினார். எனினும் பாட்டு சிதையவில்லை. அங்கே கருவி குரலுக்குப் பணிசெய்தது. குரல் சொல்லுக்குப் பணிசெய்தது. 1893இல் தம் அரசையும் 1898இல் தம் நாட்டுரிமையையும் இழந்த ஒரு சிறு மக்களினம், கூலித் தொழிலாளர் கொண்டுவந்த கருவியைத் தன் குரலாக்கிக்கொண்டது. கடலையும் கழியையும் சிறிது சிறிதாக இழந்துவரும் வடசென்னைக் கரையோர் இதனைக் கருதிப் பார்த்தல் வேண்டும்.

சான்றோரும் மாணவரும்

இசைக்கருவி பற்றி மார்க்க அறிஞரிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. தஃப் ஒன்றையே ஏற்றோரும், நரம்புக் கருவியை அறவே விலக்கியோரும், வரம்புடன் இசைந்தோரும் உளர். அவ்வழக்கில் தீர்ப்புரைப்பது தமிழாசிரியர் பணியன்று. விலகி நிற்போரின் உள்ளத்தை நாம் மதிக்கிறோம். அவர்களிடமும் நாம் வேண்டுவது ஒன்றுண்டு. கருவி வேண்டாம் எனில் விடுங்கள். பாட்டைக் குரலால் கற்றுத் தாருங்கள். தக்கலையில் பீர் முகம்மது அப்பா அவர்களின் ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் கூடிப் பாடும் மரபு, கருவியின்றியும் மெட்டைக் காக்கலாம் என்பதற்குச் சான்றாகும்.

மாணவர்க்கு நாம் சொல்ல விழைவது எளியது. பாட்டை முதலில் பாடுங்கள், பிறகு மீட்டுங்கள். சொல்லை முழுவதும் எழுதிக்கொள்ளுங்கள். பொருள் விளங்காச் சொல்லைத் துறையில் வந்து கேளுங்கள். மெட்டை ஒவ்வொரு சுரமாகப் பிடித்தபின் கார்டுக்குச் செல்லுங்கள். ஒரு பருவத்திற்கு ஒரு பாட்டேனும் கைப்பேசியிலிருந்து அல்லாமல் ஒரு முதியவர் வாயிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள். அவர் இசைந்தால் அதே கைப்பேசியில் அவர் குரலைப் பதிந்து, ஊரும் நாளும் குறித்துத் துறை நூலகத்தில் சேருங்கள். பத்து ஆண்டில் அத்தொகுப்பு ஓர் ஆய்வேட்டினும் பெரும்பயன் தரும்.

ஆசிரியராகிய நமக்கும் பங்கு உண்டு. இயலும் இசையும் தமிழின் இரு கூறுகள் என்று வகுப்பில் உரைத்துவிட்டு, பாட்டைச் செய்யுளாக மட்டும் நடத்துவது முறையாகாது. தமிழ்மன்ற விழாவில் பேச்சுக்கும் கவியரங்கத்திற்கும் பின் எஞ்சும் நேரத்தைப் பாட்டுக்கு ஒதுக்காமல், அதற்கென உரிய நேரம் வகுத்தல் வேண்டும்.

பெரியோரிடம் பணிவோடு ஒரு விண்ணப்பம். பேரன் நான்கு நரம்பில் உங்கள் காலத்துப் பாட்டை மீட்டும்போது, மெட்டு பிழைத்தால் கருவியைப் பழிக்காதீர்கள். பிழைத்த அடியைப் பாடிக் காட்டுங்கள். மற்றவர்க்கு மறந்துபோன மூன்றாம் சரணம் உங்களுக்கு மட்டுமே நினைவில் இருக்கலாம். அதைக் கேட்பதற்கு ஒரு பிள்ளை தானே வந்து உட்கார்ந்திருக்கிறான். அவன் மடியில் இருப்பது உகுலேலேயா வீணையா என்று பாராமல், அந்தச் சரணத்தை அவனுக்குக் கொடுத்துவிடுங்கள்.